கொர்பான்னா உயிர்ப்பலி இல்லீங்க, கிட்ட வர்றது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழ்ல பழைய எருசலேம் கோயிலைப் பத்தி ஒரு முழுப்பக்க கட்டுரை போட்டிருந்தீங்க, ரெண்டு தடவை படிச்சேன், நல்லா இருந்துச்சு. ஆனா அதுக்குப் பக்கத்துல கலர் பெட்டி போட்டு "கொர்பான் என்றால் எபிரேய மொழியில் உயிர்ப்பலி, இதைத்தான் இயேசு மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கண்டித்தார்"னு ஒரு குறிப்பு வந்திருக்கு பாருங்க, அதைப் படிச்சதும் மனசு கேக்கல. அந்த ஒரு வரியில ரெண்டு தப்பு இருக்கு. சொல்லோட அர்த்தமும் அது இல்ல, மாற்கு 7ல நடக்கிற விஷயமும் அது இல்ல. நான் பெரிய பண்டிதன் எல்லாம் கிடையாது, எட்டு வருஷமா வீட்டுல உக்காந்து எபிரேயம் எழுத்துக் கூட்டி படிச்சு வந்தவன், பைபிள்ல இருக்கற லேவியராகமத்தை மூலத்துல மெதுவா படிக்கிற அளவுக்கு வந்திருக்கேன். இந்த சொல் மேல எனக்கு ரொம்ப பாசம். அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல வேர். எபிரேயத்துல பெரும்பாலான சொல்லுக்கு மூணு மெய்யெழுத்துதான் அடிப்படை. கொர்பானுக்கு கோஃப், ரேஷ், பேத், அதாவது க ர ப. இந்த மூணு எழுத்து எங்க வந்தாலும் "கிட்ட"ங்கற அர்த்தம் கூடவே வரும். "காரோவ்"னா பக்கத்துல. "க்ரோவிம்"னா சொந்தக்காரங்க, நாமளும் நெருங்கின சொந்தம்னு சொல்றோமே அதே மாதிரி. "கெரெவ்"னா உள்ளுக்குள்ள, வயித்துக்குள்ள இருக்கறது. "க்ராவ்"னா சண்டை, ஏன்னா கைகலப்புக்கு எதிராளி பக்கத்துல வந்தாகணும். வினைச்சொல்லா வரும்போது "ஹிக்ரீவ்", கிட்ட கொண்டுவந்தான், அவ்ளோதான். அப்படி கிட்ட கொண்டுவரப்பட்ட பொருளுக்குப் பேர்தான் கொர்பான். இந்த மூணு எழுத்துல கத்தியும் இல்ல, ரத்தமும் இல்ல, இழப்பும் இல்ல.

வேர்ச்சொல் ஆராய்ச்சியை மட்டும் நம்பி அர்த்தம் சொல்லக்கூடாதுன்னு யாராவது சொல்வாங்க, சரிதான், ஒரு சொல்லை எப்படி பயன்படுத்தினாங்கன்னு பார்த்தாதான் நிச்சயமா தெரியும், அதனால அந்த வினைச்சொல் வேற எங்கெல்லாம் வருதுன்னு பாருங்க. யாத்திராகமம் 28ல கடவுள் மோசேகிட்ட "உன் அண்ணன் ஆரோனை உன்கிட்ட வரச்செய்"னு சொல்ற இடத்துல இதே வினைதான். ஆரோனை யாரும் வெட்டப்போறதில்ல, ஆசாரிய வேலைக்கு கூப்பிடறாங்க. எண்ணாகமம் 27ல செலோப்பியாத்தோட அஞ்சு பொண்ணுங்க வந்து, எங்க அப்பாவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல, அதுக்காக அவர் சொத்து எங்களுக்கு இல்லாம போகணுமான்னு கேட்டாங்க இல்லையா, மோசே அந்த வழக்கை கடவுள்கிட்ட "கொண்டுபோனார்"னு சொல்ற இடத்துலயும் அதே சொல். அஞ்சு பொண்ணுங்களோட நியாயம் கிட்ட கொண்டுபோகப்பட்டுச்சு, தீர்ப்பும் அவங்க பக்கமே வந்துச்சு. எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் அது.

இப்ப கொர்பான்ங்கற பெயர்ச்சொல்லுக்கு வருவோம். லேவியராகமம், எண்ணாகமம், எசேக்கியேல் மூணுலயும் சேர்த்து சுமார் 80 இடத்துல வருது, அதுல நெறைய இடத்துல ஆடு மாடு புறா வர்றது உண்மைதான், நான் மறைக்கல. அந்தக் கோயில்ல ரத்தம் தெளிச்சாங்க, கொழுப்பை எரிச்சாங்க, அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா எண்ணாகமம் 7ஐ எடுத்துப் பாருங்க. பாலைவனத்துல கோயிலா இருந்த கூடாரத்தைக் கட்டி முடிச்சதும் இஸ்ரவேல் கோத்திரத் தலைவருங்க தங்களோட கொர்பானை கொண்டுவர்றாங்க, அது என்ன தெரியுமா, 6 கூண்டு வண்டி, இழுக்க 12 மாடு. அந்த மாட்டை யாரும் அறுக்கல. கூடாரத்தோட துணி, சட்டம், தூண் எல்லாத்தையும் பாலைவனத்துல ஏத்திட்டுப் போறதுக்காக, கோயில் வேலை செய்யற லேவியருக்கு பிரிச்சுக் கொடுத்துட்டாங்க, கெர்சோன் குடும்பத்துக்கு 2 வண்டி, மெராரி குடும்பத்துக்கு 4 வண்டி, கோகாத் குடும்பத்துக்கு மட்டும் வண்டி இல்ல, ஏன்னா அவங்க தூக்க வேண்டிய புனிதப் பொருளை தோள்லதான் சுமக்கணும். ஆக மாட்டுவண்டி ஒரு கொர்பான். அதே அதிகாரத்துல ஒவ்வொரு தலைவரும் கொடுத்த 130 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) உள்ள வெள்ளித் தட்டும், 70 சேக்கல் கிண்ணமும், தூபம் நிரப்பின 10 சேக்கல் பொன் கலமும் கொர்பான். எண்ணாகமம் 31ல போர்ல இருந்து திரும்பின படைத்தலைவருங்க கொண்டுவந்த காப்பு, மோதிரம், காதணி எல்லாமே கொர்பான், மொத்தம் 16,750 சேக்கல் பொன்னுன்னு கணக்கும் எழுதி வெச்சிருக்காங்க. நெகேமியா புத்தகத்துல கோயில் நெருப்புக்கு குடும்பம் குடும்பமா சீட்டு போட்டு முறை வெச்சு விறகு கொண்டுவர்ற ஏற்பாடு ஒண்ணு வருது, அங்கயும் விறகோட இந்த சொல்லோட ஒரு வடிவம்தான் வருது. விறகைப் போய் உயிர்ப்பலின்னு எப்படிங்க சொல்லுவீங்க?

அறுக்கறதைத்தான் சொல்லணும்னா எபிரேயத்துல அதுக்குன்னே தனிச் சொல் இருக்கு, "ஸெவாஹ்". பலிபீடத்துக்கு "மிஸ்பேயாஹ்"னு பேர் வந்ததும் அந்த வேர்ல இருந்துதான். முழுசா எரிக்கறதுக்கு "ஓலா", மேல ஏறிப்போறதுன்னு அர்த்தம். மாவுக் காணிக்கைக்கு "மின்ஹா", அதுக்கு வெறும் அன்பளிப்புன்னுதான் அர்த்தம். சமாதானம் உறவு நிறைவு எல்லாம் சேர்ந்தது "ஷெலாமிம்", ஷாலோம் சொல்லோட கூடப்பிறந்தது. நன்றிக்கு "தோடா". பாவத்துக்கு "ஹத்தாத்", குற்றத்துக்கு "ஆஷாம்". இத்தனை தனித்தனிச் சொல் கையில இருக்கும்போது எல்லாத்துக்கும் மேல ஒரு பொதுப்பேர் வேணும்னு வந்தப்ப அவங்க எடுத்தது எரிக்கறதையும் இல்ல, அறுக்கறதையும் இல்ல, கிட்ட கொண்டுவர்றதை எடுத்தாங்க. இந்த ஒரு விஷயத்தை உங்க பெட்டிச்செய்தி வாசகர்கிட்ட இருந்து மறைச்சிருச்சு, அதான் என் வருத்தம்.

தமிழ் பைபிள் மேல பழி போடறதுக்கில்ல, பழைய மொழிபெயர்ப்பு பண்ணினவங்க பாடுபட்டவங்க. ஆனா அதுல லேவியராகமம் ஆரம்பத்துல இந்த சொல் "பலி"ன்னு வருது, அதே சொல் எண்ணாகமம் 7ல வண்டிக்கு வரும்போது "காணிக்கை"ன்னு மாறிடுது, தமிழ்ல மட்டும் படிக்கறவங்களுக்கு ரெண்டும் ஒரே சொல்லுன்னு தெரியவே தெரியாது. மின்ஹாவை "போஜனபலி"ன்னு போட்டாங்க. அது மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி, உப்பு, அவ்ளோதான், புளிப்பும் கூடாது தேனும் கூடாது. கொல்றதுக்கு அதுல எதுவுமே இல்ல, ஆனாலும் பேர்ல பலி ஒட்டிக்கிச்சு. பிற்பாடு வந்த திருவிவிலியம் "உணவுப் படையல்"னு மாத்தினது எவ்வளவோ மேல்.

இந்த மாவு விஷயத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா கிட்ட வர்றதுங்கற அர்த்தம் ஏழைங்க விஷயத்துலதான் நல்லா தெரியுது. லேவியராகமம் 5ல சில தப்புக்கு ஒரு ஆடு கொண்டுவரணும், ஆட்டுக்கு வக்கில்லைன்னா ரெண்டு காட்டுப்புறா இல்ல ரெண்டு புறாக்குஞ்சு, அதுக்கும் வழியில்லைன்னா ஏப்பாங்கற அந்தக் கால அளவுல பத்துல ஒரு பங்கு மாவு, அதுல எண்ணெயும் வேண்டாம் சாம்பிராணியும் வேண்டாம்னு படிப்படியா இறங்கி வருது. யாரும் வாசல்லயே நின்னுடக்கூடாதுன்னு சட்டமே குனிஞ்சு வருது பாருங்க. லேவியராகமம் 2ல மாவு கொண்டுவர்றவனைப் பத்தி சொல்லும்போது மட்டும் மூலத்துல "ஒரு மனுஷன்"னு வராம "நெஃபெஷ்", ஒரு உயிர்னு வருது. ஏன் இப்படி மாத்தினாங்கன்னு தல்மூத்துல, அதாவது யூத ஆசிரியருங்களோட பழைய விவாதத் தொகுப்புல, மெனாஹோத்ங்கற பகுதியில ரப்பி (யூத ஆசிரியர்) இஸ்ஹாக் கேட்டு அவரே பதிலும் சொல்றார், மாவு கொண்டுவர்றவன் யாரு, ஏழைதானே, அவன் தன் உயிரையே எனக்கு முன்னாடி கொண்டுவந்த மாதிரி நான் கணக்கு வெச்சுக்கறேன்னு கடவுள் சொல்றாராம். மிஷ்னா, அதாவது தல்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு, அதோட மெனாஹோத் பகுதி கடைசியில மாட்டுக்கும் பறவைக்கும் மாவுக்கும் ஒரே மாதிரி "இனிய மணம்"னு எழுதியிருக்கு, அதிகமா கொண்டுவந்தவனும் கொஞ்சமா கொண்டுவந்தவனும் ஒண்ணுதான், மனசு வானத்தைப் பார்த்து இருந்தா போதும்னு முடியுது. லூக்கா 2ல இயேசு பிறந்தப்ப மரியாளும் யோசேப்பும் எருசலேமுக்கு வந்தப்ப சொல்லப்படற காணிக்கையும் பறவை ஜோடிதான், லேவியராகமம் 12ல ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத தாய்க்கு சொன்ன வழி அது.

அந்தப் பறவை ஜோடிக்கு ஒரு விலைக் கதையும் இருக்கு, மிஷ்னால கெரித்தோத் பகுதியில வருது. ஒரு சமயம் எருசலேம்ல ஒரு ஜோடி பறவை பொன் தினார் விலைக்கு ஏறிடுச்சு. ஒரு பொன் தினார்னா 25 வெள்ளித் தினார். அப்ப ரபான் ஷிமோன் பென் கம்லியேல்ங்கற பெரிய யூத ஆசிரியர் "இந்தக் கோயில் மேல ஆணை, வெள்ளித் தினாருக்கு இறங்காம இன்னிக்கு ராத்திரி நான் தூங்க மாட்டேன்"னு சொல்லிட்டு நேரா நீதிமன்றத்துக்குள்ள போய் ஒரு தீர்ப்பு சொல்லிக் கொடுத்தாரு. அஞ்சு பிரசவத்துக்கு காணிக்கை பாக்கி வெச்சிருக்கற பொண்ணுகூட ஒரே ஒரு ஜோடி கொண்டுவந்தா போதும், புனித உணவுல பங்கெடுக்கலாம், மீதி நாலும் அவ மேல கடன் இல்லைன்னு. அன்னிக்கே விலை ஒரு வெள்ளித் தினாருக்கும் கீழ சரிஞ்சுடுச்சாம். வியாபாரிங்க விலை ஏத்தினதால ஒரு தாய் கோயில் பக்கம் வர முடியாம போகுதுன்னா அந்த விலையை உடைக்கறதுதான் தன் வேலைன்னு அவர் நினைச்சிருக்காரு. வெறும் பலி எண்ணிக்கைதான் முக்கியம்னா அஞ்சு ஜோடியை ஒண்ணா குறைச்சிருப்பாரா? கோயில் மலைக்குத் தெற்குப் பக்கம் தொல்லியல் அறிஞர் பெஞ்சமின் மஸார் 1968ல ஆரம்பிச்ச அகழாய்வுல ஒரு கல் பாத்திரத் துண்டு கிடைச்சுது, அதுல கொர்பான்னு கீறி பக்கத்துல ரெண்டு பறவையும் வரைஞ்சிருக்கு. அந்தப் படத்தை முதல்முதலா பார்த்தப்ப இந்தக் கெரித்தோத் கதைதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

தோடா, அதாவது நன்றிக் காணிக்கை, அதையும் சொல்லாம விட மனசில்ல. ஒரு மிருகம், கூடவே நாலு வகையில வகைக்கு 10ன்னு 40 ரொட்டி. அதுல 4 ரொட்டி ஆசாரியருக்கு, மீதி 36ம் கொண்டுவந்தவங்களுக்கு, இறைச்சியிலயும் பெரும்பகுதி அவங்களுக்குத்தான். ஆனா அன்னிக்கே தின்னு தீர்க்கணும், மறுநாள் விடியற வரைக்கும் மிச்சம் வெக்கக்கூடாதுன்னு தோரா, அதாவது மோசேயோட அஞ்சு புத்தகம், சொல்லுது, பெரியவங்க அதை இன்னும் இறுக்கி நடுராத்திரிக்குள்ளன்னு வெச்சாங்க. தனியா ஒரு குடும்பம் 36 ரொட்டியையும் அவ்வளவு கறியையும் எப்படி தின்னும்? நாலு பேரை கூப்பிட்டே ஆகணும், கூப்பிட்டா ஏன் விருந்துன்னு கேப்பாங்க, நான் எந்த ஆபத்துல இருந்து தப்பிச்சேன்னு சொல்லியாகணும், அதுக்காகத்தான் இந்த விதியேன்னு உரையாசிரியருங்க சொல்றாங்க. பாதி கடவுள்கிட்ட கிட்ட வர்றது, பாதி மனுஷங்ககிட்ட கிட்ட வர்றது.

இப்ப மாற்கு 7. உங்க பெட்டிச்செய்தி சறுக்கின ரெண்டாவது இடம் இது, என்னைக் கேட்டா பெரிய சறுக்கல். அங்க இயேசு ஆடு மாடு வெட்டறதைப் பத்தி பேசவே இல்ல. அப்பா அம்மாகிட்ட ஒருத்தன், "என்னால உங்களுக்கு கிடைக்க வேண்டிய உதவி எல்லாம் கொர்பான்"னு சொல்லிட்டா அப்புறம் அவன் அவங்களுக்கு எதுவுமே செய்யாம இருக்கறதுக்கு விட்டுடறீங்களேன்னுதான் கேக்கறாரு. இது ஒரு நேர்த்தி வாக்கு, ஒரு சட்ட வார்த்தை. ஒரு பொருளை கொர்பான்னு அறிவிச்சா அது புனிதப் பொருள் மாதிரி ஆயிடும், அதை நீ தொடக்கூடாது. பொருள் கோயிலுக்குப் போயே ஆகணும்னும் இல்ல, உனக்கு மட்டும் அது தடை. கோவத்துல வாயை விட்டவங்க நெறைய பேர் இருந்திருக்காங்க போல, இந்த வார்த்தையை நேரா சொல்லத் தயங்கி "கோனாம்"னு கொஞ்சம் திரிச்சு சொல்ற பழக்கமும் இருந்துச்சு, மிஷ்னால நெதாரிம்ங்கற ஒரு முழுப்பகுதி இந்த வாக்குங்களைப் பத்தியே இருக்கு.

எருசலேமுக்குப் பக்கத்துல ஒரு கல்லறையில கிடைச்ச எலும்புப் பெட்டி ஒண்ணு, இயேசு காலத்தை ஒட்டினது, அதோட மூடியில அரமேயத்துல எழுதியிருக்கு, இந்தப் பெட்டியில யாருக்கு என்ன ஆதாயம் கிடைக்கறதா இருந்தாலும் அது உள்ள இருக்கறவர்கிட்ட இருந்து கடவுளுக்கு கொர்பான்னு. அதாவது கைய வெக்காதே, எடுக்காதேன்னு எச்சரிக்கை. மாற்கு சொன்ன அதே வார்த்தை அமைப்பு, கல்லுல இருக்கு. அந்த வரியைப் படிச்ச பிறகுதான் மாற்கு 7 எனக்கு விளங்குச்சு. கிட்ட வர்றதுக்குன்னு பிறந்த ஒரு சொல் கடைசியில கிட்ட வராதேன்னு சொல்ற வேலிக்கு பயன்பட்டிருக்கு, அதுவும் பெத்தவங்களுக்கு எதிரா. இயேசுவோட கோவம் அங்கதான் இருக்கு, சொல்லோட அர்த்தத்தை பலின்னு வெச்சுக்கிட்டா அந்தக் கோவம் நமக்கு புரியவே புரியாது.

ஒண்ணு சொல்லியே ஆகணும், உங்க குறிப்பைப் படிக்கறவங்க யூத ஆசிரியருங்க எல்லாரும் அப்பா அம்மாவை கைவிடறதுக்கு துணை போனாங்கன்னு நினைச்சுடுவாங்க, அது நியாயமில்ல. நெதாரிம் 9ல ரப்பி எலியேசர் ஒருத்தனோட வாக்கை ரத்து பண்றதுக்கு "அப்பா அம்மா மரியாதை போயிடுமேன்னு யோசிச்சியா"ன்னு கேட்டே வழி திறக்கலாம்னு சொல்றார். மத்த அறிஞர்கள் பொதுவா அதை ஒத்துக்கல, ஆனா விஷயம் அவனுக்கும் அவனோட அப்பா அம்மாவுக்கும் நடுவுலன்னா மட்டும் திறக்கலாம்னு எல்லாருமே ஒத்துக்கறாங்க. அதே பகுதியில பெத்ஹோரோன் ஊர்க் கதை ஒண்ணு இருக்கு. ஒருத்தன் தன்னால அப்பாவுக்கு எந்தப் பலனும் கூடாதுன்னு வாக்கு வந்துட்ட நிலைமையில மகனோட கல்யாணத்தை வெச்சிருக்கான், தாத்தா பந்தியில வந்து உக்கார முடியல. உடனே கூட்டாளி ஒருத்தன்கிட்ட "இந்த முற்றமும் விருந்தும் உனக்கே அன்பளிப்பு, எங்க அப்பா வந்து சாப்பிடட்டும்னுதான்"னு சொல்றான். அந்தக் கூட்டாளி "என்னோடதுன்னா இது எல்லாமே கடவுளுக்கு அர்ப்பணம்"னு சொல்லிட்டான். "நீ அர்ப்பணம் பண்றதுக்கா கொடுத்தேன்"னு இவன் கேட்க, "நீயும் உங்க அப்பாவும் உக்காந்து தின்னு குடிச்சு ராசியாகணும், பாவம் மட்டும் என் தலையில விடியணும், அதுக்காகத்தானே கொடுத்தே"ன்னு அவன் திருப்பிக் கேட்டான். அறிஞர்கள் அந்த மாதிரி கண்துடைப்பு அன்பளிப்பு அன்பளிப்பே இல்லைன்னு தீர்ப்பு சொல்லிட்டாங்க. சட்டப்படி சரி. ஆனா அந்தக் கிழவர் கடைசியில பேரனோட கல்யாணச் சோறு சாப்பிட்டாரா இல்லையான்னு மிஷ்னா சொல்லவே இல்ல, படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுவே உறுத்தும்.

அந்தச் சொல்லுல இருந்து கோயில் கருவூலத்துக்கும் பேர் வந்துச்சு, கொர்பனாஸ். மத்தேயு 27ல யூதாஸ் வீசிட்டுப் போன 30 வெள்ளிக்காசை இதுல போடக்கூடாதுன்னு ஆசாரியருங்க சொன்னது இதைத்தான். ஆளுநர் பிலாத்து தண்ணிக் கால்வாய் கட்ட இந்தப் பணத்துல கைவெச்சதையும் கூட்டம் கொதிச்சதையும் அந்தக் கால யூத வரலாற்றாசிரியர் யோசேஃபஸ் எழுதியிருக்காரு.

கி.பி. 70ல ரோமர்கள் கோயிலை இடிச்சுட்டாங்க. அப்புறம் ஒருநாள் ரப்பி யெஹோஷுவா அந்த இடிபாட்டைப் பார்த்து, நம்ம பாவத்துக்கு பரிகாரம் கிடைச்ச இடம் இப்படி ஆயிடுச்சேன்னு அழுதாராம், கூட இருந்த ரபான் யோஹனான் பென் ஸக்காய், "மகனே வருத்தப்படாதே, இதுக்குச் சமமா நமக்கு வேற ஒண்ணு இருக்கு, அன்பான செயல்"னு சொல்லி "பலியை அல்ல, இரக்கத்தையே விரும்பறேன்"ங்கற ஓசியா 6ஆம் அதிகார வசனத்தை எடுத்துக் காட்டினாரு. காலையும் சாயங்காலமும் ஒவ்வொரு ஆட்டுக்குட்டின்னு நடந்த தினசரிக் காணிக்கை நேரத்துல ஜெபம் வந்து உக்காந்துச்சு, இன்னிக்கும் யூதர்கள் மதியத்துக்கு மேல பண்ற ஜெபத்துக்குப் பேர் மின்ஹாதான், அந்த ஏழையோட மாவுக்காணிக்கை பேரு. தெருவுல இஸ்ரேல்காரங்க நன்றின்னு சொல்றதுக்கும் தோடாதான். காணிக்கைங்க போச்சு, பேருங்க வாயில நின்னுடுச்சு.

மொழிபெயர்க்கிறவங்களுக்கு இது என்னிக்குமே தலைவலிதான். கிரேக்கத்துல பழைய செப்துவஜிந்து மொழிபெயர்ப்பு கொர்பானுக்கு "தோரோன்", அன்பளிப்புன்னு போட்டுச்சு, மாற்கும் அதையேதான் விளக்கமா கொடுக்கறாரு. 19ஆம் நூற்றாண்டுல ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்த ரப்பி சாம்சன் ரஃபாயேல் ஹிர்ஷ், ஐரோப்பிய மொழிச் சொல் எல்லாமே எதையோ இழக்கறது அழிக்கறதுன்னு காட்டுது, கொர்பான்ல அது இல்லவே இல்லைன்னு தன் லேவியராகம உரையில மனசு நொந்து எழுதினாரு. 1925ல யூத அறிஞருங்க மார்ட்டின் பூபரும் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கும் பைபிளை ஜெர்மனுக்கு கொண்டுவர ஆரம்பிச்சப்ப ஜெர்மன்ல இல்லாத ஒரு சொல்லையே உண்டாக்கினாங்க, "டார்நாஹுங்", நெருங்கிவரச் செய்றதுன்னு வெச்சுக்கலாம். படிக்க கரடுமுரடாத்தான் இருக்கும், ஆனா சொல்லுக்கு உண்மையா இருந்தாங்க. இன்னொண்ணும் நேர்மையா சொல்லிடறேன், இலக்கணப்படி கிட்ட கொண்டுவரப்படறது பொருள்தான், கொண்டுவர்ற ஆளும் அதோட சேர்ந்து கிட்ட வர்றான்ங்கறது பிற்கால உரையாசிரியருங்க விரிச்சு சொன்னது. எனக்கு அது இயல்பான விரிவாத்தான் தெரியுது, கையில எடுத்துட்டு வர்றவன் கையோட சேர்ந்துதானே வரணும்.

அப்ப உங்க கட்டுரையாளருக்கு உயிர்ப்பலின்னு எங்கிருந்து வந்துச்சு? என் ஊகம், இன்னிக்கு எபிரேயத்துல கொர்பான்னா விபத்துலயோ கொலையிலயோ செத்தவங்க, பாதிக்கப்பட்டவங்கன்னும் அர்த்தம் ஆயிடுச்சு. செய்தியில கொர்பானோத்னா அதான். நம்ம பேப்பரையே எடுத்துக்கோங்க, "லாரி மோதி 3 பேர் பலி"ன்னு தினமும் ஒரு தலைப்பு இருக்கும். பலிங்கற சொல்லும் ஒரு காலத்துல படைக்கற பொருளைத்தான் குறிச்சுது, இப்ப வெறும் சாவுன்னு ஆயிடுச்சு. ரெண்டு மொழியிலயும் ஒரே மாதிரி ஒரு சறுக்கல். அதனாலதான் சொல்றேன், இன்னிக்கு நம்ம வாசகர்கிட்ட கொர்பான்னா பலின்னு சொன்னா அவங்க காதுல விழறது லாரி விபத்துத் தலைப்புல இருக்கற பலிதான், பாலைவனத்துல லேவியருக்கு கிடைச்ச வண்டியோ ஏழையோட கைப்பிடி மாவோ இல்ல.

இந்த மாதிரி சறுக்கல்னால எவ்வளவு வலி வரும்ங்கறதுக்கு ஓலாவே சாட்சி. ஓலாவை கிரேக்கத்துல முழுசா எரிக்கப்பட்டதுன்னு மொழிபெயர்த்ததுல இருந்துதான் ஹோலோகாஸ்ட்டுங்கற சொல் வந்துச்சு. நாஜிக்கள் 60 லட்சம் யூதர்களைக் கொன்னதுக்கு அந்தப் பேர் நிலைச்சுடுச்சு. ஆனா அது யாருக்கும் யாரும் செலுத்தின காணிக்கை இல்லையே, கொலை. அதனாலயே யூதர்கள் நெறைய பேர் அந்தச் சொல்லை வாயில எடுக்கறதில்ல, பேரழிவுன்னு அர்த்தம் வர்ற "ஷோவா"ன்னுதான் சொல்றாங்க, இஸ்ரேல்ல நினைவு நாளும் அந்தப் பேர்லதான். அடுத்த தடவை நம்ம பேப்பர்ல அதைப் பத்தி வரும்போது ஷோவாங்கற சொல்லையும் ஒரு தடவையாவது போடுங்கய்யா.

அரபில குர்பான், சிரியாக்ல குர்பானான்னு இதே வேர் பல வீட்டுல இருக்கு. நமக்கு என்ன சொல் பொருந்தும்னு கேட்டா நான் காணிக்கைன்னுதான் சொல்லுவேன். படையலும் நல்ல சொல்தான், முன்னாடி வெக்கறதுங்கற அர்த்தம் வருது. ஆனா காணிக்கையில "காண்"ங்கற ஓசை கேக்குது, ஒருத்தரைப் பாக்க வரும்போது கையில எடுத்துட்டு வர்றது. யாத்திராகமம் 23ல கடவுள் "என்னைப் பாக்க வெறுங்கையோட வராதே"ன்னு சொல்ற இடத்துக்கு இது அப்படியே ஒத்துப்போகுது. அணுக்கக் காணிக்கைன்னு சேர்த்து எழுதினா அர்த்தம் இன்னும் கிட்ட வரும், உங்க உதவி ஆசிரியருங்க சம்மதிச்சா சரி.

நான் கேக்கறது ரொம்ப இல்லீங்க. வர்ற ஞாயிறு இணைப்பிதழ்ல அதே அளவு பெட்டி, அதே இடத்துல, ரெண்டே வரி: கொர்பான் என்றால் கிட்டக் கொண்டுவரப்படுவது, காணிக்கை. மாற்கு 7ல் பேசப்படுவது பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைத் தடுக்கும் ஒரு நேர்த்தி வாக்கு. அவ்ளோதான். இடம் இருந்தா அந்த ரெண்டு பறவை கீறின கல்லோட படத்தையும் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்